நண்டுக்கு ஒரு மூடி

ராத்தா வீட்டு முற்றத்தில் கோழிக்குஞ்சுகளின் மேல் கவிழ்த்து வைத்திருந்த மஞ்சள் இரும்பு மூடியைக் கண்டதும் மர்ஷூதாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வாசல் படலையில் ஒரு கையும் வண்டிச் சாவியில் ஒரு கையுமாக அப்படியே நின்றுவிட்டாள். மூடிக்குள்ளே குஞ்சுகள் கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டிருந்தன. தாய்க்கோழி வெளியே சுற்றிச் சுற்றி வந்தது.

"ராத்தா, இது எப்பிடி இஞ்ச வந்த?"

அக்கா ஹப்ஸா குந்தியிருந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே சொன்னாள். "ஒங்கட மச்சான்தான் கொண்டந்து போட்டாரு. வேர்க்ஷொப்புல சும்மா கிடந்திச்சாம். நல்ல சாமான்கா. ஓட்டை ஓட்டையா இரிக்கி, குஞ்சுகளுக்குக் காத்தும் வருது, காகமும் கிட்ட வரா."

"சும்மா கிடந்திச்சாமா?"

"அப்பிடித்தான் சொன்னாரு. ஏன்கா, மூஞ்சி இப்பிடிச் செவக்குது?"

சிவக்காமல் என்ன செய்யும்? அது சும்மா கிடக்கிற சாமான் அல்ல. மனிதரின் விரல்களைக் காப்பதற்காக மர்ஷூதா கணினியில் வரைந்து, பக்கத்திலேயே நின்று வெட்டுவித்து, வளைப்பித்து, ஒட்டுவித்த மூடி. சனிக்கிழமை காலை சாய்ந்தமருதுக் கடற்கரையில் தோணி இழுக்கும் புது இயந்திரம் ஓடப்போகிறது. அந்த இயந்திரத்தின் வாயில் இருக்க வேண்டிய மூடி இங்கே ராத்தாவின் குஞ்சுகளைக் காகத்திடமிருந்து காத்துக்கொண்டிருந்தது. அப்படியென்றால் அங்கே வாய் திறந்து கிடக்கிறது என்றுதானே அர்த்தம்.

வந்த விடயத்தையும் மறந்து வண்டியைத் திருப்பிக்கொண்டு வேர்க்ஷொப்புக்குப் போனாள்.

வேர்க்ஷொப் றமீஸ் மச்சானுடையது. அவர் சம்மாந்துறைக்காரர், வயல் சூழ்ந்த ஊரில் பிறந்தவர். ஹப்ஸாவைக் கலியாணம் முடித்து, இந்தப் பக்கத்து வழக்கப்படி பெண் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்து இறங்கியவர். இரும்பு வேலையில் கெட்டிக்காரர்தான், அதில் பொய் இல்லை. ஊரிலே பாதிப்பேர் வீட்டு வாசல் கேற் அவர் அடித்தது. மர்ஷூதா பல்கலைக்கழகத்தில் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்து வேலை தேடிக்கொண்டிருந்தபோது, "வெளிய எங்கயும் போவத் தேவல்ல, நம்மட வேர்க்ஷொப்புல கொம்பியூட்டர்ல வரை மச்சி" என்று கூப்பிட்டு ஒரு மேசையும் கணினியும் போட்டுக் கொடுத்தவரும் அவர்தான். அதற்குப் பிறகு அங்கே செய்த எல்லாவற்றையும் அவள் வரைந்தாள், பெயர் அவருக்குப் போனது. அதைப் பற்றி அவள் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. வீட்டுக்குள்ளே இருக்கிற பெயர்தானே என்று விட்டுவிட்டாள்.

தோணி இழுக்கும் இயந்திரமும் அப்படி வந்த வேலைதான். கடல் கரையைத் தின்று தின்று வருகிறது. முன்பு அலைக்குப் பக்கத்தில் நிறுத்திய தோணிகளை இப்போது மேட்டுக்கு ஏற்ற வேண்டியிருக்கிறது, இளைஞர்கள் பாதிப்பேர் கத்தாரில் இருக்கிறார்கள், இழுக்க ஆள் போதவில்லை. கடற்றொழிலாளர் சங்கத் தலைவர் அப்துல் ஸமட் ஓடித் திரிந்து, இந்தக் கரையில் பிறந்து கொழும்பில் வியாபாரம் செய்கிற மசூர் ஹாஜியாரைப் பிடித்தார். ஹாஜியார் இயந்திரம் செய்து தருவதாக ஒத்துக்கொண்டார். வேலை றமீஸுக்கு வந்தது, மர்ஷூதாவின் மேசைக்கு வந்தது.

கணினியில் ஓர் இயந்திரத்தை ஓட்டிப் பார்ப்பது என்றால் பலரும் அதைப் படம் காட்டுகிற வேலை என்று நினைக்கிறார்கள். ஒவ்வொரு உறுப்பாக வரைந்து, இது இதோடு சேரும், இது இதற்குள் சுழலும், இது இந்தத் தண்டின் மேல் மட்டும் நகரும் என்று ஒன்றோடொன்று இணைத்து, மோட்டரைச் சுழலவிட்டால் எல்லாம் ஓடும். மிக அழகாக ஓடும். அந்த அழகைத்தான் நம்பக் கூடாது. இரும்பில் இரும்பு முட்டும் என்பது கணினிக்குத் தானாகத் தெரியாது. நாம் சொல்லிக் கொடுக்காவிட்டால் ஒரு சக்கரம் மற்றச் சக்கரத்துக்குள்ளே நுழைந்து மறுபக்கத்தால் முழுசாக வெளியே வரும். எது எதில் பட்டால் நிற்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்து ஓட்டினால்தான் உண்மை தெரியும். அப்படி ஓட்டும்போது கணினி முக்கி முனகி, ஒரு சின்ன அசைவைக் காட்டுவதற்கே ஆளைக் காக்க வைக்கும். மர்ஷூதா காத்திருந்தாள். ஒன்று முட்டியது, நகர்த்தினாள். இன்னொன்று உரசியது, மெலித்தாள்.

அந்த இயந்திரத்தில் அவள் மிகவும் பயந்த உறுப்பு ஒன்று உண்டு. கயிறு உருளையில் ஒரே இடத்தில் குவிந்துவிடாமல், பக்கவாட்டில் அங்குமிங்கும் போய் வந்து வரிசையாகச் சுற்றவைக்கும் ஓர் இரும்புக் கை. பக்கவாட்டில் நடப்பதால் வேர்க்ஷொப்பில் அதற்கு நண்டு என்று பெயர் வைத்துவிட்டார்கள். நண்டு ஓரத்துக்கு வந்து திரும்பும் இடத்தில், அதற்கும் பக்கச் சட்டத்துக்கும் நடுவில் இரண்டு விரல் அளவு இடைவெளிதான் இருக்கும். அங்கே ஒரு மனிதக் கை போனால் என்ன ஆகும் என்பதுதான் அவள் கேள்வி.

ஏன் அங்கே கை போகப்போகிறது என்று இந்தக் கரையில் பிறந்த யாரும் கேட்கமாட்டார்கள். தோணி கரைக்கு வரும்போது கயிற்றில் கை வைத்தவர்களுக்குக் கறிக்கு மீன் உண்டு. யார் என்ன என்று தோணிக்காரன் கேட்க மாட்டான். கை வைத்தால் பங்கு, அவ்வளவுதான். ஆண்கள் தண்ணீருக்குள் தோணிப் பக்கமாகப் பிடிப்பார்கள். பெண்களும் வயதானவர்களும் உடுப்பு நனையாமல் மேட்டுப் பக்கம், கயிற்றின் வறண்ட நுனியில் பிடிப்பார்கள். இயந்திரத்தைக் கொண்டுபோய் வைக்கப்போவதும் அந்த வறண்ட நுனியில்தான். அதாவது, நண்டின் வாய்க்கு முன்னால் வரிசையாக வந்து நிற்கப்போவது பெண்களின் கைகள்.

ஆகவே அவள் கணினியில் ஒரு கையையும் வரைந்தாள். பக்கத்து வீட்டு சுபைறா மாமியின் கை. மாமி தனிக்கட்டை, அப்பம் சுட்டு விற்கிறவள். காலையில் கயிற்றில் கை வைத்தால்தான் அவள் வீட்டில் மீன் சட்டி அடுப்பேறும். மர்ஷூதா அளவு நாடாவோடு போய் அந்தக் கையை விரல் விரலாக அளந்தபோது, "என்ன புள்ள, வளையல் வாங்கித் தரப்போறியா?" என்று மாமி சிரித்தாள். அந்தக் கையைக் கயிற்றின் மேல் வைத்து ஓட்டிப் பார்த்தாள். நண்டு வந்தது, திரும்பியது, விரல்கள் இருந்த இடம் திரையில் சிவப்பாகியது. அன்றைக்கு அவளால் சோறு சாப்பிட முடியவில்லை. அதற்குப் பிறகுதான் ஓட்டை போட்ட அந்த மஞ்சள் மூடியை வரைந்தாள். மூடியோடு ஓட்டினால் கை மூடியில் முட்டி நின்றது. சிவப்பு வரவில்லை.

வேர்க்ஷொப்பில் றமீஸ் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மசூர் ஹாஜியாரின் பெயர்ப் பலகைக்குத் தங்க நிறம் அடித்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், மூடிய ஏன் கழட்டின?"

"ஆ, அதா." அவர் தூரிகையை விடவில்லை. "மூடியப் போட்டா இந்தப் பலகை மறையிது மச்சி. ஹாஜியார் கேட்டது இது ஒண்டுதான், மெஷின்ட முன்பக்கம் பேர் தெரியணும் எண்டு. அதோட உருளை சுத்துறத ஆக்கள் பாக்கணும்தானே. மூடிக்குள்ள என்னத்தப் பாக்கிற?"

"கை போவும் மச்சான். அதுக்குத்தான் மூடி."

"ஏன் போற? மெஷின் இழுக்கப்போவுது. ஆள் கயித்தப் புடிக்கத் தேவல்ல எண்டுதானே மெஷின் போடுற. பொறகு ஆர் வந்து புடிக்கப்போறா?"

கேட்டவுடன் நியாயம் போலத்தான் இருந்தது. அவர் வந்து இத்தனை வருஷமாயிற்று, ஒருநாளும் காலையில் கரைக்குப் போய்க் கயிறு பிடித்ததில்லை. சந்தையில் மீன் வாங்குகிறவருக்கு அந்தக் கயிறு கயிறாக மட்டும்தான் தெரியும். மர்ஷூதா கறி மீன் கதையைச் சொன்னாள். அவர் சிரித்தார்.

"அதெல்லாம் பழைய கதை. ஒரு கிழமையில மறந்திருவாங்க. நேத்து வெறுங் கயித்தோட ஓட்டிப் பாத்த நான், வழுக்கிக்கிட்டு ஓடுது. வீடியோவும் அனுப்பிட்டன், நீ பாக்கல்லியா?"

அவள் கைப்பேசியைத் திறந்தாள். சங்கத்தின் வட்ஸ்அப் குழுவில் அவளுடைய இயந்திரம் கணினிப் படமாக ஓடிக்கொண்டிருந்தது. நீலக் கடல், வெள்ளை மணல், தோணி ஒரு தடங்கலும் இல்லாமல் மேட்டுக்கு ஏறுகிறது. உருளைக்கு முன்னால் பெயர்ப் பலகை தங்கமாக மின்னுகிறது. மூடி இல்லை. கை இல்லை. கணினியைப் போய்த் திறந்து பார்த்தாள். உறுப்புகளின் பெயர்கள் வரிசையாக நிற்கும் ஓரத்தில் இரண்டு பெயர்கள் சாம்பல் நிறமாகிக் கிடந்தன: மூடி, சுபைறா கை. ஒரு பொருளை அழிக்காமலே இல்லாததாக்கி வைக்க அந்த மென்பொருளில் ஒரு வழி உண்டு. வலது பக்கப் பொத்தானை அமர்த்தி ஒரு சொல்லைத் தொட்டால் போதும், அப்படி ஒரு பொருள் இருந்ததே கணினிக்கு நினைவிருக்காது. அதோடு, எது எதில் முட்டும் என்று அவள் சொல்லிக் கொடுத்திருந்த அத்தனையும் நீக்கப்பட்டிருந்தன.

"முட்டுறதெல்லாத்தையும் ஏன் எடுத்தீங்க?"

"அதோட ஓட்டினா வீடியோ எடுக்கச் சரியாச் சுணங்குது மச்சி. அதுகள எடுத்த உடனே பறக்குது."

அவர் அதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. கெட்டவன் என்றால் திட்டிவிட்டுப் போகலாம். ஒரு பெண்ணின் கையை ஒரு விரலால் தொட்டு இல்லாமலாக்கிவிட்டு, பலகைக்குத் தங்கப் பூச்சு அடிக்கிற நல்ல மனிதரை என்ன செய்வது?

அன்று பின்னேரமே அப்துல் ஸமட்டின் வீட்டுக்குப் போனாள். அவர் பொறுமையாகக் கேட்டார், தேத்தண்ணி கொடுத்தார், தாடியைத் தடவினார்.

"புள்ள, நீ படிச்ச புள்ள. நான் ஒண்டும் சொல்லல்ல. ஆனா இது ஒங்கட வீட்டுக்குள்ள பேசித் தீக்கிற விசயம். மாப்பிள்ள ஒண்டு சொல்றாரு, கொழுந்தி ஒண்டு சொல்றா எண்டு ஊர் கதைச்சா ராத்தாக்குத்தான் கூடாது. வீடியோவுல நல்லாத்தானே ஓடுது."

"வீடியோவுல என்னத்தயும் ஓட்டலாம் தலைவர்."

"ஓடாததப் போய் ஓட்டிக் காட்டுவாங்களா?" என்று அவர் கேட்டார்.

வீட்டுக்கு வந்து அந்த ஆத்திரத்தோடேயே கணினியில் உட்கார்ந்தாள். ஓடாததை ஓட்டிக் காட்டினாள். அதே தோணி, அதே மணல். தோணி வந்து ஹாஜியாரின் பெயர்ப் பலகைக்குள்ளே நுழைந்தது. உருளைக்குள்ளே போனது, மோட்டருக்குள்ளே போனது, ஒரு கீறலும் இல்லாமல் பின்பக்கத்தால் வெளியே வந்தது, தென்னைமர உயரத்துக்கு ஏறி வானத்தில் நின்றது. "இதுவும் கொம்பியூட்டர்ல ஓடுது. நம்புவீங்களா?" என்று எழுதி அதே குழுவில் போட்டாள்.

குழு பொங்கிவிட்டது. இதயமும் பூவும் கைதட்டலுமாக வந்து குவிந்தன. மாஷா அல்லாஹ் என்றார்கள். ஒருவர், "இது ரெண்டாங் கட்டமா?" என்று கேட்டிருந்தார். றமீஸ் அவளுக்குத் தனியாகக் குரல் செய்தி அனுப்பினார். "மச்சி, ஹாஜியாரும் பாத்துச் சிரிச்சாராம். நல்ல விளம்பரம்." கைப்பேசியைச் சுவரில் எறிய வேண்டும் போல இருந்தது அவளுக்கு.

கடைசியாக சுபைறா மாமியிடம் போனாள். மாமி அப்பமாவைக் கரைத்துக்கொண்டிருந்தாள்.

"மாமி, சனிக்கிழமை கயித்தப் புடிக்க வேணாம். மெஷின்ட பக்கமே போவாதீங்க."

"புடிக்காட்டி கறிக்கு?" மாமி மாவிலிருந்து கையை எடுத்தாள். "மெஷின் இழுத்தா தோணிக்காரன் எனக்கு என்னத்துக்குப் புள்ள மீன் தாற? மெஷினுக்குத்தான் குடுப்பான். கை வெக்கணும். அண்டைக்குப் பாத்து வெக்காம உட்டா மறுகா என்ட பங்கு போயிரும்."

  திறந்து கிடக்கிற வாயை மூடாமல், அதன் முன்னால் நிற்கிறவளிடம் விலகிப் போ என்று சொல்ல வேண்டியிருந்ததே மர்ஷூதாவுக்கு அவமானமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடியும்வரை இந்த ஊரில் தோணி கடலுக்குப் போகாது. பின்னேரம் போனவர்கள் சனிக்கிழமை காலை திரும்பி வருவார்கள், அந்த நேரத்துக்குத்தான் திறப்பு விழா. கரையில் பந்தல் போட்டிருந்தார்கள். பிளாஸ்டிக் கதிரைகள், ஒலிபெருக்கி, சுடச்சுடப் பால் தேத்தண்ணி. மசூர் ஹாஜியார் வெள்ளை வெளேரென்று உடுத்து முன்வரிசையில் இருந்தார். மேட்டில் இயந்திரம் நின்றது, பலகை மின்னியது. அதற்குப் பின்னால் நண்டு வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தது.

துஆ ஓதி முடிந்தது. ஸாஜித் என்பவரின் தோணி அலையைத் தாண்டி உள்ளே வந்தது. தண்ணீரில் நின்றவர்கள் கயிற்றின் கொக்கியைத் தோணியின் முகத்தில் மாட்டினார்கள். றமீஸ் சுவிச்சில் கையை வைத்துக்கொண்டு கடலையே பார்த்துக்கொண்டு நின்றார், ஸாஜித் கையைக் காட்டினதும் போடுவதற்காக. பக்கத்தில் அப்துல் ஸமட் ஒலிவாங்கியோடு நின்றார்.

பெண்கள் தோணிக் கொட்டிலின் ஓரமாகக் கூடி நின்றார்கள். தோணி மணலில் மூக்கை வைத்ததும் அந்தக் கூட்டத்திலிருந்து சுபைறா மாமி வெளியே வந்தாள். முந்தானையை இடுப்பில் சொருகினாள். நேரே போய் எப்போதும் நிற்கிற இடத்தில் நின்று, கயிற்றின் வறண்ட நுனியைப் பிடித்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் சிலர் கிளம்பினார்கள். யாரும் யாரையும் மீறவில்லை, தோணி வந்தது, கால்கள் நடந்தன, அவ்வளவுதான். மாமியின் கை இருந்த இடத்திலிருந்து நண்டின் வாய் ஒரு முழம் தூரம்கூட இல்லை. றமீஸ் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மர்ஷூதா கத்தத்தான் நினைத்தாள். அதற்கு முன் கால் கிளம்பிவிட்டது. மணலில் ஓடினாள். மாமியின் மணிக்கட்டைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்துவிட்டு, தன் வலது கையை நண்டுக்கும் சட்டத்துக்கும் நடுவில் வைத்தாள். கணினியில் அந்தக் கை இருந்த அதே இடம்.

"இப்ப சுவிச்சப் போடுங்க மச்சான்."

றமீஸ் திரும்பினார். முதலில் அவளைப் பார்த்தார், பிறகு அவள் கையைப் பார்த்தார்.

"மச்சி, கைய எடு. ஆக்கள் பாக்காங்க."

"பாக்கட்டும். கொம்பியூட்டர்ல ஒரு விரலால எடுத்தீங்கதானே. இஞ்சயும் நீங்களே எடுங்க."

"பைத்தியமா? கைய எடு எண்டு சொல்றன்."

"மூடி எங்க மச்சான்?"

"வீட்டுல."

"வீட்டுல எதுக்கு மேல?"

அவர் வாய்க்குள்ளே முணுமுணுத்தார். அப்துல் ஸமட்டின் கையிலிருந்த ஒலிவாங்கி றமீஸின் வாய்க்குப் பக்கத்தில் இருந்தது. "கோழிக்குஞ்சுக்கு மேல" என்று கரை முழுக்கக் கேட்டது.

யாரோ சிரித்தார்கள். மர்ஷூதா சிரிக்கவில்லை. ஒலிவாங்கி இல்லாமலே சத்தமாகக் கேட்டாள். "கேட்டீங்களா? கோழிக்குஞ்சுக்கு மூடி இரிக்கி. சுபைறா மாமிட கைக்கு இல்ல. பேர் மறைஞ்சிருமாம். பேர் மறைஞ்சா என்ன, கை போனா நீங்களா அவவுக்கு அப்பம் சுட்டுக் குடுக்கிற?"

அதற்குள் ஒரு பெரிய அலை வந்து தோணியைப் பக்கவாட்டில் தூக்கிப் போட்டது. "இழுங்கடா, தோணி கிறுகுது" என்று ஸாஜித் தண்ணீரிலிருந்து கத்தினார். இயந்திரமும் சண்டையும் ஒரு பக்கம் கிடக்க, கரை முழுக்கக் கயிற்றில் விழுந்தது. ஆண்கள் தண்ணீருக்குள் பாய்ந்தார்கள், பெண்கள் மேட்டுக்கு வந்தார்கள். முன்வரிசையிலிருந்து மசூர் ஹாஜியார் எழுந்தார். அவர் கை இந்தக் கரையில் வளர்ந்த கை. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, வெள்ளை உடுப்பு நனையாமல் இருக்க வறண்ட நுனியைத் தேடி வந்து, கயிறு பிடிக்க மர்ஷூதா கையை எடுத்திருந்த அந்த இடத்திலேயே, நண்டின் வாய்க்குள்ளே கை போக, கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஏலேலோ" என்று இழுத்தார்.

றமீஸ் அதைப் பார்த்தார்.  சுவிச்சில் இருந்த தன் கையை அவர் நெருப்பிலிருந்து எடுப்பது போல எடுத்தார். வீதிக்கு ஓடிப் போய் ஓட்டோவில் ஏறினார்.

தோணி மேட்டுக்கு வந்தது. ஸாஜித் மீனைப் பங்கு வைக்கத் தொடங்கினார். கயிற்றில் கை வைத்த எல்லோருக்கும் பாரையும் கும்பிளாவுமாகக் கிடைத்தது. ஹாஜியாரும் ஒரு மீனை வாலில் பிடித்துக்கொண்டு நின்றார். மர்ஷூதாவிடமும் ஒன்றை நீட்டினார்கள். அவள் வாங்கவில்லை, கோபம் இன்னும் இறங்கவில்லை.

ஓட்டோ திரும்பி வந்தபோது றமீஸ் மடியில் மூடியை வைத்துக்கொண்டு இருந்தார். மூடியில் குஞ்சுகளின் எச்சம் காயாமல் இருந்தது. யாரையும் பார்க்காமல் பெயர்ப் பலகையைக் கழற்றி மணலில் சாத்தினார், மூடியைப் பொருத்தினார். மர்ஷூதா பக்கத்தில் குந்தி நட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். மீன் கூடையோடு வந்த ஸாஜித் அவரைப் பார்த்து, "மாப்பிள்ள, நீங்க கயிறு புடிக்கல்லியே" என்று சொல்லிவிட்டுக் கடந்து போனார். றமீஸ் தலையைக் குனிந்துகொண்டு கடைசி நட்டை இறுக்கினார்.

அடுத்த தோணி வந்தது. இந்த முறை சுவிச்சைப் போட்டார்கள். மூடிக்குள்ளே நண்டு அங்கும் இங்கும் நடந்தது, கயிறு வரிசையாகச் சுற்றியது, தோணி மெல்ல மெல்ல ஏறியது. கரை முழுக்கக் கைதட்டியது. சுபைறா மாமி வழக்கம் போல வந்து வறண்ட நுனியில் கையை வைத்தாள். கயிறு கையை இழுத்துக்கொண்டு போய் மஞ்சள் மூடியில் முட்டவிட்டு, மூடியின் சின்ன வாய்க்குள்ளே தான் மட்டும் புகுந்துகொண்டது. கை வெளியே நின்றது.

மாமி வெறுங்கையைப் பார்த்தாள். "கை தப்பிச்சிது புள்ள. கறிக்கு என்ன செய்யிற?"

 இத்தனை நாள் அந்தக் கையைக் கணினியில் ஓட்டி ஓட்டிப் பார்த்த மர்ஷூதா, கை முட்டி நின்றதும் வேலை முடிந்தது என்று நிறுத்திவிட்டாள். அதற்குப் பிறகு அந்தக் கைக்கு என்ன கிடைக்கும் என்று ஒருநாளும் ஓட்டிப் பார்க்கவில்லை. அந்தக் கோபம் வேறு யாரிடமும் போக வழியில்லாமல் அவளுக்குள்ளேயே சுற்றியது. எழுந்து அப்துல் ஸமட்டுக்கு முன்னால் போய் நின்றாள்.

"தலைவர், மூடியில கை வெச்சவங்களுக்கும் மீன் குடுக்கணும்."

"அதெப்பிடிப் புள்ள? கயித்துல கை வெச்சாத்தான் பங்கு. அது வழக்கம்."

"கயித்துல கை வெக்க உடாம மறிக்கிறது நான் செஞ்ச மூடி. கைய மறிச்சிட்டுப் பங்கயும் மறிச்சா நீங்களும் நானும் ஆரு? இண்டைக்கு ஒத்துக்கங்க. இல்லாட்டி அடுத்த தோணிக்கு இந்தச் சுவிச்சப் போட உடமாட்டன்."

அப்துல் ஸமட் ஹாஜியாரைப் பார்த்தார். ஹாஜியார் தன் கையிலிருந்த மீனைப் பார்த்தார். றமீஸ்தான் முதலில் வாயைத் திறந்தார். சுவிச்சை விட்டுக் கண்ணை எடுக்காமல், "குடுங்க தலைவர்" என்றார்.

சுபைறா மாமி உள்ளங்கையை மஞ்சள் மூடியின் மேல் அகலமாக வைத்தாள். பின்னால் நின்ற பெண்களும் ஒருவர் பின் ஒருவராக வந்து வைத்தார்கள். தோணி மேட்டுக்கு ஏறி நின்றதும் கூடை வந்தது. ஒரு கையால் பாரையை வாங்கிக்கொண்ட மாமி, மற்றக் கையை மூடியிலிருந்து எடுக்கவில்லை.